கண்ணீரும் தண்ணீரும்: சிறுநீரக நோயும் நமது எழுத்தும்

நோயைப் பற்றி எழுதாத தமிழ் எழுத்தாளர் மிகச் சிலரே. காசநோயால் இருமி மடியும் கதாநாயகியும், புற்றுநோயை மறைத்துக்கொண்டு புன்னகை புரியும் கதாநாயகனும் நமது கதைகளிலும் திரைப்படங்களிலும் மலிந்து கிடக்கின்றனர். அண்மைக் காலத்தில் இவர்களது வரிசையில் சிறுநீரக நோயாளியும் வந்து சேர்ந்திருக்கிறார். இந்த வரவைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்நோய் இன்று கற்பனைப் பொருளன்று. நமது மாணவரின் பெற்றோர், நம்மோடு கற்பிக்கும் ஆசிரியர், பக்கத்து வீட்டார் எனப் பலர் அதனோடு வாழ்கின்றனர். அவர்கள் வாழும் வாழ்க்கைக்கும் நாம் எழுதும் எழுத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

முதலில் வாழ்க்கையைப் பார்ப்போம்.

மனிதனின் இரு சிறுநீரகங்களும் இரவு பகலாகக் குருதியை வடித்து, கழிவையும் மிகையான நீரையும் வெளியேற்றுகின்றன. உடலின் உப்புச் சமநிலையைப் பேணுவதும், செங்குருதிக் கலங்கள் உண்டாவதற்கு வேண்டிய ஓமோனைச் சுரப்பதும் அவற்றின் தொழில்களே. அவை பழுதடைவது பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்கிறது. கால் வீங்கி, உணவு வெறுத்து, மூச்சு முட்டும்போது நோயாளி வைத்தியசாலைக்கு வருகிறார். அப்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி அழிந்து முடிந்திருக்கும். அதன்பின் உயிர் வாழ இரண்டு வழிகளே உண்டு: ஒன்று மாற்றுச் சிறுநீரகம், மற்றையது குருதிச் சுத்திகரிப்பு. மக்கள் வழக்கில் இதுவே டயலிசிஸ்.

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம், நோயாளியின் குருதி இயந்திரத்துக்குச் சென்று மீள்கிறது. மெல்லிய சவ்வொன்றின் ஒரு புறம் குருதி. மறு புறம் நிமிடத்துக்கு அரை லீற்றர் வீதம் ஓடும் சுத்திகரிப்புத் திரவம். கணக்கைப் பார்த்தால் ஒரு முறைக்கு நூற்றிருபது லீற்றர் தூய நீர் வேண்டும். ஆறில்லாத நமது குடாநாட்டில், சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைநீரை நம்பியே கிணறுகள் இருக்கின்றன. அந்த நீர் அப்படியே இயந்திரத்துக்கு ஆகாது. அதிலுள்ள கல்சியத்தையும் பிற உப்புக்களையும் நீக்கிய பின்னரே மனிதக் குருதிக்கு அருகில் அதனைக் கொண்டுவரலாம்.

இயந்திரம் நான்கு மணி நேரத்தில் நூற்றிருபது லீற்றர் குடிக்கிறது. அதனருகே படுத்திருப்பவரோ, சிறுநீர் முற்றாக நின்றவரானால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லீற்றர் முதல் முக்கால் லீற்றர் வரையே அருந்தலாம். குடிக்கும் தண்ணீர், தேநீர், சொதி, குழம்பு யாவும் அக்கணக்கில் அடங்கும். சோளகக் காற்று புழுதியை வாரி வீசும் மாதங்களில் இந்த அளவோடு நாளைக் கழிப்பதே ஒரு தொழில். உறவினர் வீட்டுக்குச் சென்றால் தேநீரை மறுக்க வேண்டும். மறுத்தால் பகைமை என்று கொள்ளப்படும் சமூகத்தில் நாம் வாழ்கிறோம். இளநீர், வாழைப்பழம், முருங்கையிலை ஆகியவற்றில் உள்ள பொற்றாசியம் இதயத்துடிப்பையே குலைக்கவல்லது. நல்லதென்று தாய் ஊட்டி வளர்த்த உணவுகள் யாவும் ஒரே நாளில் ஐயத்துக்குரியன ஆகின்றன. மரக்கறியைச் சிறிதாக அரிந்து, நீரில் அவித்து, அந்நீரை ஊற்றிவிட்டுச் சமைக்கும் புதிய சமையலை வீட்டுப் பெண் கற்றுக்கொள்கிறாள். ஒரு கூழ்ப்பானையைச் சுற்றிக் குடும்பம் அமரும் மாலையில் ஒருவர் மட்டும் விலகி அமர்கிறார்.

இவ்வளவும் கதைக்குரிய பொருளல்லவா? ஆனால் நமது கதைகளில் நாம் காண்பதென்ன?

*

நமது கதைகளில் இந்நோய் மூன்று வேடங்களில் வருகிறது.

முதல் வேடம் விதி. வைத்தியர் கையை விரிக்கிறார். மனைவி கோவிலுக்கு ஓடுகிறாள். இறுதிப் பக்கத்தில் மரணமோ அற்புதமோ நிகழ்கிறது. நோய் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுவதில்லை. வந்த வழி அறிய முடியாததா? குடாநாட்டில் இந்நோயின் தலையாய வேர்கள் இரண்டு: நமது மூத்தோர் சலரோகம் என்று அழைத்த நீரிழிவும், உயர் குருதியமுக்கமும். இரண்டையும் காலத்தில் கண்டு கட்டுப்படுத்தலாம். குருதியமுக்கத்தை அளத்தல், சிறுநீரில் புரதம் கசிகிறதா எனப் பார்த்தல், குருதியில் கிரியேற்றினின் அளவைச் சோதித்தல் ஆகிய எளிய சோதனைகள் ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கை தரவல்லவை. நாள் முழுவதும் சுமை தூக்கி, முதுகுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் கூலித் தொழிலாளியின் சிறுநீரகத்தை அந்த மாத்திரைகளும் அரிக்கக்கூடும். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாட் கூலி போய்விடும் என்பதற்காக அவர் போகாதிருக்கிறார். இதனை விதி என்று எழுதும் எழுத்தாளர், தாம் அறியாமலே அந்தக் கூலி முறைக்கு வக்காலத்து வாங்குகிறார்.

இரண்டாவது வேடம் தியாகம். 1962 இல் வெளிவந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' திரைப்படத்தை வாசகர் அறிவர். முன்னாட் காதலியின் கணவனைப் புற்றுநோயிலிருந்து காப்பாற்ற உழைத்து, அந்த உழைப்பிலேயே வைத்தியர் உயிர் துறக்கிறார். அங்கே வைத்தியசாலை காதலுக்கு எழுப்பிய கோவில். நோய் அன்பைச் சோதிக்கும் உரைகல். அப்படத்தின் திறமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது போட்ட பாதையில் நடந்து வந்த பிற்காலக் கதைகள் சிறுநீரகத்தையும் காதல் பரிசாக்கிவிட்டன. கணவனுக்கு மனைவி கொடுக்கிறாள். மகனுக்குத் தாய் கொடுக்கிறாள். வாசகர் கண் கலங்குகிறார். உயிருள்ளோர் தரும் சிறுநீரகங்களில் பெரும்பான்மை பெண்களுடையவை, பெறுவோரில் பெரும்பான்மையினர் ஆண்கள் என்பது இந்தியா முழுவதிலும் காணப்படும் உண்மை. கொடையைப் போற்றும் கதை, கொடுப்பவர் ஏன் எப்போதும் பெண்ணாகவே இருக்கிறாள் என்று ஒரு முறையாவது கேட்க வேண்டாமா? அன்பு என்ற சொல் இங்கே ஓர் அநீதியைப் போர்த்தி மறைக்கிறது.

கொடை இவ்வாறென்றால், விற்பனை இன்னும் கொடிது. சென்னை வில்லிவாக்கம் ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்று பெயரெடுத்ததை நாம் மறக்கவில்லை. இந்தியாவில் உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994 இல் வந்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2002 இல் வெளியாயிற்று. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் கடனடைக்கவே விற்றிருந்தனர். ஆயினும் நால்வரில் மூவர் ஆய்வின்போதும் கடனிலேயே இருந்தனர். அவர்களது குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடன் தீரவில்லை, உறுப்பு போயிற்று, உழைக்கும் வலுவும் போயிற்று. இந்த மூன்று வரிகளுக்குள் ஒரு நாவல் இருக்கிறது.

மூன்றாவது வேடம் கோஷம். இது நம்மவர் தவறு; ஆதலின் இதனைச் சற்று விரிவாகச் சொல்வது கடமை. 1990 களில் வட மத்திய மாகாணத்தில், பதவியா, மதவாச்சி போன்ற விவசாயப் பகுதிகளில், நீரிழிவோ குருதியமுக்கமோ காரணமாகாத ஒருவகைச் சிறுநீரக நோய் இனங்காணப்பட்டது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் அந்நோய் உண்டு. வெயிலில் வயலில் உழைப்போரையே அது பெரிதும் தாக்குகிறது. சிங்கள விவசாயி, தமிழ் விவசாயி என்ற பேதம் அதற்குத் தெரியாது. நிக்கராகுவா, எல் சல்வடோர் நாடுகளின் கரும்புத் தோட்டத் தொழிலாளரும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதி விவசாயிகளும் இதை ஒத்த நோயால் மடிகின்றனர். பூமியின் மூன்று மூலைகளில் ஒரே வர்க்கம் ஒரே வகையாக நலிவதைக் கண்டு எழுத்தாளன் கொதிப்பது நியாயமே.

ஆனால் கொதிப்பு ஆராய்ச்சிக்குப் பதிலாகாது. வெப்பமும் உடல் நீரிழப்பும், நிலத்தடி நீரின் புளோரைட்டும் வன்மையும், விவசாய இரசாயனங்கள் எனப் பல காரணிகள் ஆராயப்பட்டு வருகின்றன. ஒரே காரணம் என்று எதுவும் முடிவாக நிறுவப்படவில்லை. நம்மவர் கவிதைகளிலோ குற்றவாளி முதல் அடியிலேயே பிடிபட்டு விடுகிறார். அவசரத் தீர்ப்பின் விளைவை நாடும் கண்டது. கிளைபோசேற் களைகொல்லி 2015 இல் தடை செய்யப்பட்டு, 2018 இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2021 இல் இரசாயன உரம் திடீரெனத் தடை செய்யப்பட்டபோது சிறுநீரக நோயும் ஒரு நியாயமாகக் காட்டப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தது, அவ்வாண்டு முடியுமுன்னரே அரசு பின்வாங்கியது. சுமையை ஏற்றவர் யார்? நோயைச் சுமந்த அதே விவசாயிதான்.

வலிகாமத்தின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. மிதமிஞ்சிய உரமும் மலக்குழிகளும் இதற்குக் காரணம். கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்தானது. இதனைக் கண்டித்து எழுதுவது அவசியம். ஆனால் குடாநாட்டின் சிறுநீரக நோய் முழுவதையும் அந்தக் கிணறுகளின்மேல் சுமத்தி எழுதினால், நீரிழிவோடு இருப்பவர் தமது நோயைக் கவனிக்காமல் கிணற்றைச் சபித்துக்கொண்டிருப்பார். பொய்யான காரணம் சொல்லும் முற்போக்கு எழுத்து, விதியைச் சொல்லும் பிற்போக்கு எழுத்தைவிட அதிகம் பயன் தருவதில்லை.

*

இம்மூன்று வேடங்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அவை நோயை ஒரு சம்பவமாகக் காண்கின்றன. சுத்திகரிப்பு வாழ்க்கை சம்பவமன்று, அது ஒழுங்குமுறை. திங்களும் வியாழனும் தவறாமல் வரும். அதில் உச்சக் கட்டம் இல்லை. 1960 மார்ச்சில் சியாற்றில் நகரில், பெல்டிங் ஸ்கிறிப்னர் என்ற வைத்தியர் அமைத்த டெப்லோன் குழாயைக் கையில் பொருத்திக்கொண்டு நீண்டகாலச் சுத்திகரிப்பைத் தொடங்கிய முதல் மனிதர் கிளைட் ஷீல்ட்ஸ் ஓர் இயந்திரத் தொழிலாளி. அதற்கு முன் இத்தகைய நோயாளிகள் சில வாரங்களில் இறந்தனர். அவரோ பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார். மரணப் படுக்கையை எழுதப் பழகிய நமது பேனாக்களுக்கு இந்தப் பதினொரு ஆண்டுகளை எழுதத் தெரியவில்லை.

அந்த ஆண்டுகளுக்குள் எழுதப்பட வேண்டியவை எத்தனை! குடாநாட்டுக் கடற்றொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவரது முன்கையில் நாடியையும் நாளத்தையும் சிறு சத்திரசிகிச்சையால் இணைத்து, ஊசி ஏற்ற வழி செய்திருக்கின்றனர். அந்த இணைப்பின்மேல் விரல் வைத்தால் பூனையின் தொண்டை போல் அது அதிரும். ஒவ்வொரு காலையும் விழித்ததும் அவர் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த அதிர்வைத்தான். அது நின்றால் வழி அடைபட்டது என்று பொருள். அந்தக் கையால் பாரம் தூக்கலாகாது. அதில் குருதியமுக்கம் அளக்கலாகாது. வலை இழுப்பவரின் கை அது! உயிரைக் காக்கும் வழி தொழிலின் வழியை அடைத்துவிட்டது. இனி அவர் படகில் என்ன வேலை செய்வார்? பங்கு எவ்வளவு கிடைக்கும்? மகன் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போவானா? இவற்றைக் கேட்பதே யதார்த்தவாதம். கண்ணீரைக் கேட்காமலே அது வாசகரின் நெஞ்சைத் தொடும்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். 1951 முதல் இந்நாட்டு மக்கள் பெற்றிருக்கும் இலவச வைத்தியம் உழைக்கும் மக்களின் பெரும் உடைமை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இயந்திரம் வரை செல்லும் வழி இலவசமன்று. நெடுந்தீவில் வாழ்பவர் முதலில் கடல் கடந்து குறிகட்டுவான் வரவேண்டும். பின்னர் பஸ் ஏறி நகரம் சேரவேண்டும். சிகிச்சை முடிந்து தலை சுற்றும் நிலையில் அதே வழியே திரும்ப வேண்டும். கூட வரும் மனைவிக்கும் அன்றைய கூலி இல்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டதையும், 2022 இல் எரிபொருளும் மருந்தும் தட்டுப்பட்டதையும் நாம் மறந்துவிடவில்லை. சுகதேகிக்கு அவை துன்பங்கள். அடுத்த முறை தவறினால் நுரையீரலில் நீர் சேரக்கூடிய ஒருவருக்கு அவை தீர்ப்புக்கள்.

தீர்ப்பு என்ற சொல்லை மிகைபட வழங்கவில்லை. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வெளிவந்த அதே 1962 இல், சியாற்றில் நகரில் இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர் என்ற நிலையில், யாருக்குச் சிகிச்சை என்பதை முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு ஒன்று இயங்கியது. சட்டத்தரணி, மதகுரு, வங்கியாளர், இல்லத்தரசி, அரசாங்க அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், சத்திரசிகிச்சை வைத்தியர் ஆகியோர் அதில் இருந்தனர். விண்ணப்பதாரரின் வருமானம், கல்வி, தொழில், குடும்பம், தேவாலயத்துக்குச் செல்லும் வழக்கம் ஆகியனகூட ஆராயப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் 'லைஃப்' சஞ்சிகையில் ஷானா அலெக்சாண்டர் என்ற பெண் எழுத்தாளர் இதனை எழுதினார். நாடு அதிர்ந்தது. மனிதனின் பெறுமதியைச் சொத்தால் அளப்பதா என்ற விவாதம் எழுந்தது. 1972 இல் அமெரிக்காவில் இச்சிகிச்சையின் செலவை அரசாங்கக் காப்புறுதி பெரும்பாலும் ஏற்கும் சட்டம் நிறைவேறியது. ஒரு கட்டுரை மட்டுமே இதனைச் சாதித்தது என்று சொல்லமாட்டோம். ஆனால் மறைந்திருந்த தேர்வை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது எழுத்துத்தான்.

நம்மிடம் அப்படியொரு குழு இல்லை. ஆயினும் தேர்வு நடக்கிறது. பஸ் கட்டணம் தேர்கிறது, கடல் தேர்கிறது, நாட்கூலி தேர்கிறது. இந்தக் குழுவின் அங்கத்தவர்களுக்கு முகமில்லை. கூட்டக் குறிப்பும் இல்லை. அதனை எழுதுவதே நமது எழுத்தாளரின் வேலை. தேர்வை மாற்றலாம் என்பதற்கும் சான்றுகள் உண்டு. தாய்லாந்து 2008 இல், வயிற்றறைச் சவ்வைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளும் சுத்திகரிப்பைப் பொதுச் சுகாதாரத் திட்டத்தில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2021 இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், அத்தகைய நோயாளிகளுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. தீவுப் பகுதிகளைக் கொண்ட நமக்கு இதில் பாடமில்லையா?

*

இறுதியாக மொழி பற்றி ஒரு சொல். நோயாளியின் கையில் இருக்கும் குருதிப் பரிசோதனைத் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமது உயிரின் கணக்கை அவரால் வாசிக்க இயலாது. வைத்தியரும் தாதியரும் தமிழிற் பேசி விளக்குகின்றனர். ஆனால் நோயாளர் நெருக்கடியில் அவர்களுக்கு நேரமேது? வீட்டுக்கு வந்தபின் திரும்பத் திரும்ப வாசிக்க ஒரு நல்ல நூல் வேண்டும்.

இது குடாநாட்டில் கேட்கக்கூடாத வேண்டுகோளன்று. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரும் அவர் மாணவரும் 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' போன்ற பெரும் நூல்களைத் தமிழாக்கினர். அவரது நோக்கம் மதம் பரப்புதல். அதில் நமக்கு உடன்பாடு வேண்டியதில்லை. ஆனால் உடலைப் பற்றிய அறிவு மக்கள் மொழியில் இருக்க வேண்டும் என்று அவர் கண்ட உண்மை, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் நிறைவேற்றாத கடனாகவே நிற்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978 முதல் இயங்குகிறது. மருத்துவ மாணவரும் தமிழ் மாணவரும் ஒரு மேசையில் அமர்ந்தால், எந்த மரக்கறியை எப்படி அவிப்பது, எந்த அறிகுறி கண்டால் இரவோடிரவாக ஓடிவருவது என்பவற்றைத் தெளிந்த தமிழில் எழுத எத்தனை நாட் பிடிக்கும்? அந்தச் சிறு நூலும் இலக்கியப் பணியே என்பது நமது கருத்து.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் சொல்வது இதுதான். உங்கள் ஊரில் சுத்திகரிப்புக்குச் செல்பவர் ஒருவரோடு ஒரு நாள் உடன் செல்லுங்கள். விடியற்காலைப் பஸ்ஸில் ஏறுங்கள். நான்கு மணி நேரம் வெளியே காத்திருங்கள். அவர் எவ்வளவு நீர் அருந்துகிறார் என்று பாருங்கள். கூட வந்தவர் அன்று என்ன இழந்தார் என்று கேளுங்கள். பிறகு எழுதுங்கள். உங்கள் கதையில் யாரும் அழாமற் போகலாம். அதனால் குறையொன்றுமில்லை. நமது வாசகரிடம் கண்ணீர் தாராளமாக இருக்கிறது; இயந்திரத்தருகே படுத்திருப்பவருக்கு அளந்து கொடுக்கப்படுவது தண்ணீர்தான். அந்த அளவை அறிந்த எழுத்தே அவருக்கும் நமக்கும் வேண்டியது.